திருவண்ணாமலையில் லாட்ஜ் தொடங்க: எந்தக் காகிதம், எந்த அலுவலகம், எந்த வரிசை

பௌர்ணமிக்கு முந்தின நாள் திருவண்ணாமலையில் அறை தேடியவர்களுக்குத் தெரியும், அன்றைக்கு லாட்ஜ்காரர் சொன்னதுதான் விலை. அதைப் பார்த்துவிட்டு, செங்கம் சாலைப் பக்கம் ஒரு பழைய வீடும் கையில் கொஞ்சம் பணமும் இருப்பவர்களுக்கு ‘நாமும் பத்து ரூம் போட்டால் என்ன?’ என்று தோன்றுவது இயல்பு. ரூம் போடுவது சுலபம். போட்ட ரூமைச் சட்டப்படி நாள் வாடகைக்கு விடுவதற்குத்தான் ஏழெட்டு அலுவலகம் ஏறி இறங்க வேண்டும்.

‘லாட்ஜ் லைசன்ஸ்’ என்று ஒரே ஒரு காகிதம் கிடையாது. வருவாய்த் துறை, உள்ளாட்சி, தீயணைப்பு, காவல், மின்வாரியம், உணவுப் பாதுகாப்பு, ஜிஎஸ்டி என்று ஆளுக்கொரு காகிதம் தருகிறார்கள். ஒருவர் தருவதற்கு முன் இன்னொருவர் தந்ததைக் கேட்கிறார்கள். இந்தச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் நிற்பது நிலமும் கட்டட வரைபடமும்தான். அந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றவை தாமதமானாலும் வந்துவிடும். அந்த இரண்டில் ஓட்டை இருந்தால், மற்ற அத்தனை லைசன்ஸும் கையில் இருந்தாலும் ஒரு நாள் சீல் வைக்க ஆள் வரலாம். நம் ஊரில் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்: கட்டி, பெயின்ட் அடித்து, ஆன்லைன் புக்கிங்கில் சேர்ந்து, அப்புறம் ‘லைசன்ஸ் எடுக்கணுமாமே’ என்று விசாரிக்கிறார்கள்.

கீழே உள்ளது வேலை நடக்க வேண்டிய வரிசை. திருவண்ணாமலையை வைத்து எழுதுகிறேன். பழனி, ராமேஸ்வரம், வேளாங்கண்ணிக்கும் பெரும்பாலும் பொருந்தும். சென்னையில் காவல் ஆணையர் அலுவலகம் உள்ளே வருவதால் வழி கொஞ்சம் மாறும்.

முதல் படி: நிலம்

பட்டா, சிட்டா, புலப்பட வரைபடம், குறைந்தது 30 வருடத்துக்கான வில்லங்கச் சான்று. இவை எல்லோரும் எடுப்பவை. கோவில் ஊரில் இவை போதாது. இரண்டு கேள்விகளைக் கூடுதலாகக் கேளுங்கள்.

ஒன்று, இது கோவில் நிலமா? இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம், 1959-இன் 34ஆம் பிரிவுப்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோவில் சொத்தை விற்றாலும், அடமானம் வைத்தாலும், ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட்டாலும் அது செல்லாது. நாலு தலைமுறையாக அனுபவித்து வருகிறோம் என்ற பேச்சு லாட்ஜ் முதலீட்டுக்கு உதவாது. மூலப் பத்திரத்திலோ பழைய செட்டில்மென்ட் பதிவேட்டிலோ ‘இனாம்’, ‘தேவஸ்தானம்’ என்ற சொல் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

இரண்டு, இது மலைச் சரிவா, ஓடையா, ஏரி வாய்க்காலா? 2024 டிசம்பர் 1 அன்று பெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலைச் சரிவு பெயர்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையடிவாரக் கட்டடங்களை யாரும் சாதாரணமாகப் பார்ப்பதில்லை. விலை குறைவு, மலை நன்றாகத் தெரியும் என்று சொல்லிக் காட்டப்படும் மனைகளில் இந்தச் சிக்கல் அதிகம்.

நிலம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மசினகுடிப் பக்கம் நடந்ததைப் பார்த்தால் போதும். யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளில் 27-ஐ 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மூடி முத்திரையிடச் சொன்னது. வழித்தட அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபரில் உறுதியும் செய்தது. நீலகிரி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு மலைப்பகுதிக் கட்டட அனுமதிக் குழு என்று தனியாக ஒரு கதவு இருக்கிறது. அது இந்தக் கட்டுரைக்குள் அடங்காது.

இரண்டாம் படி: வரைபடமும் கட்டட அனுமதியும்

வீடு என்று அனுமதி வாங்கிய கட்டடத்தில் லாட்ஜ் நடத்தக் கூடாது. மிக எளிய விதி, மிக அதிகமாக மீறப்படுவதும் இதுதான். அனுமதி வரைபடத்தின் ஓரத்தில் கட்டடத்தின் பயன்பாடு எழுதியிருக்கும். ‘குடியிருப்பு’ என்றிருந்தால் பயன்பாட்டு மாற்றத்துக்கு மனு செய்து புதிய அனுமதி வாங்க வேண்டும். கட்டடத்தைச் சுற்றி விட்ட இடைவெளி, சாலை அகலம், வாகன நிறுத்தம் எல்லாம் லாட்ஜுக்கான அளவில் இல்லையென்றால் அந்த மாற்றமும் கிடைக்காது. அதனால்தான் பழைய வீட்டை வாங்கி லாட்ஜாக்கும் திட்டங்கள் பாதியில் நிற்கின்றன.

இப்போது நடைமுறையில் இருப்பது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. சிறிய கட்டடமென்றால் மாநகராட்சியிலேயே முடியும், பெரியதென்றால் நகர் ஊரமைப்பு இயக்ககம் போக வேண்டும். 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் அது அடுக்குமாடி உயர் கட்டடம் ஆகிவிடும். விதிகளும் செலவும் வேறு. சின்ன லாட்ஜ்காரர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

பெரிய கோவில்களைச் சுற்றி உயரக் கட்டுப்பாடு தனியாக உண்டு. மதுரையில் மீனாட்சியம்மன் கோவிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்பது பலரும் அறிந்த உதாரணம். உங்கள் மனைக்கு எவ்வளவு என்பதை வரைபடம் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தஞ்சாவூர், மாமல்லபுரம் போல மத்தியத் தொல்லியல் துறையின் சின்னம் பக்கத்தில் இருந்தால் முதல் 100 மீட்டரில் புதுக் கட்டுமானமே கூடாது, அடுத்த 200 மீட்டரில் தனி அனுமதி வேண்டும்.

2023-இல் மேலே சொன்ன தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. புதிதாகக் கட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. விருந்தினர்களை அழைத்து வரும் கார் ஓட்டுநர்கள் தங்கிப் படுக்கவும் குளிக்கவும், ஓட்டல் வளாகத்திலோ 250 மீட்டருக்குள்ளோ இடம் கொடுக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவர் கொசுக்கடியில் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டு மறுநாள் மறுபடி ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு தேவை என்று புரியும். வரைபடத்திலேயே அந்த அறையைக் காட்டிவிடுங்கள். பின்னால் மொட்டை மாடியில் தகரம் போட்டுச் சமாளிக்கலாம் என்று விட்டால் அது தீயணைப்புத் துறை ஆய்வில் வந்து நிற்கும்.

கட்டி முடித்ததும் பணி நிறைவுச் சான்று. சிறிய கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. உங்களுடையது அதற்குள் வருகிறதா என்று உள்ளாட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள். விலக்கு இல்லாத கட்டடத்துக்கு அந்தச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு வராது. வரைபடத்தில் மூன்று மாடி, நேரில் நாலு மாடி என்றால் நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 56, 57ஆம் பிரிவுகளில் நோட்டீஸ் வரும். பூட்டி முத்திரையிடும் அதிகாரம் அங்கிருந்துதான் வருகிறது.

வாடகைக் கட்டடத்தில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் உரிமையாளரிடம் அனுமதி வரைபடத்தைக் கேளுங்கள். ‘எல்லாம் இருக்கு சார், ஆடிட்டர்கிட்ட இருக்கு’ என்று பதில் வந்தால், அது ஆடிட்டரிடமிருந்து வரும் வரை பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

மூன்றாம் படி: மின் இணைப்பும் சொத்து வரியும்

வீட்டு இணைப்பில் லாட்ஜ் ஓட்டினால் கட்டண வகையை மீறியதாகக் கணக்கு. மின்சாரச் சட்டம், 2003-இன் 126ஆம் பிரிவில், உரிய கட்டணத்தின் இரண்டு மடங்கில் போட்டுத் தீட்டுவார்கள். வணிக இணைப்புக்கு மாற்றிவிடுங்கள். சொத்து வரியும் அதே போல. லிஃப்ட் வைத்தால் மின் ஆய்வுத் துறையின் உரிமம் தனியாக வேண்டும்.

நான்காம் படி: தீயணைப்பு

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2019 பிப்ரவரி 12 விடியற்காலை தில்லி கரோல் பாக்கில் அர்பித் பேலஸ் என்ற ஓட்டலில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். 2025 ஏப்ரல் 29 இரவு கொல்கத்தா படாபஜாரில் இன்னொரு ஓட்டலில் 14 பேர். இரண்டிலும் பெரும்பாலோரைக் கொன்றது புகை. இரண்டுமே பரபரப்பான வியாபாரப் பகுதியில், நெருக்கமான தெருவில் நின்ற நடுத்தர ஓட்டல்கள். நம் கோவில் ஊர் லாட்ஜ்களுக்கு மிகவும் பழக்கமான அமைப்பு.

தேசியக் கட்டட விதித் தொகுப்பு, 2016 லாட்ஜ்களை ஏ-1 என்றும், ஓட்டல்களை ஏ-5 என்றும், நட்சத்திர ஓட்டல்களை ஏ-6 என்றும் பிரிக்கிறது. நீங்கள் எந்த வகை, எத்தனை மீட்டர் உயரம் என்பதைப் பொறுத்து எத்தனை படிக்கட்டு, எவ்வளவு தண்ணீர்த் தொட்டி, ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) வேண்டுமா என்பது முடிவாகும். உரிமம் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம், 1985-இன் கீழ் வருகிறது. விண்ணப்பம் ஆன்லைனில். அப்புறம் நிலைய அலுவலர் நேரில் வருவார்.

அவர் வரும்போது ரிசப்ஷனில் வரிசையாகத் தொங்கும் சிவப்புச் சிலிண்டர்களைக் காட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அனுபவமுள்ள அதிகாரி நேரே மேலே போவார். மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கிறதா? பூட்டியிருந்தால் சாவி யாரிடம்? ‘சூப்பர்வைசர்கிட்ட சார், அவர் டீ குடிக்கப் போயிருக்கார்’ என்று பையன் சொன்னால் ஆய்வு அங்கேயே முடிந்த மாதிரி. காதலர்களும் குடிகாரர்களும் மாடிக்குப் போகிறார்கள் என்று பூட்டுவது நியாயமாகத் தோன்றும். ஆனால் புகை மேலே ஏறும்போது மேல் மாடிக்காரர்களுக்கு அந்தக் கதவுதான் வழி. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கம்பி போட்டால் போதும், வெளியே அலாரம் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து படிக்கட்டுக்குக் கீழே பார்ப்பார். மெயின் போர்டு அங்கே இருக்கும். அதன் மேலேயே பழைய மெத்தை, தலையணை, கிழிந்த திரைச்சீலை அடுக்கியிருக்கும். தமிழ்நாட்டு லாட்ஜ்களில் இதைவிடப் பொதுவான காட்சி இல்லை. தீப்பிடிக்கும் இடமும் எரியும் பொருளும் தப்பிக்கும் வழியும் நாலடி இடத்துக்குள். முதலில் அதைக் காலி செய்யுங்கள். ஏசி போட்ட பிறகு ஜன்னலைப் பலகை வைத்து மூடியிருந்தால் பிரித்துவிடுங்கள். நடைவழிச் சுவரில் அழகுக்கு மரப் பலகை ஒட்டும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். சிலிண்டரில் ஒட்டிய தேதிச் சீட்டைப் பாருங்கள். ராத்திரி ஷிஃப்ட் பையனுக்கு அந்தப் பின்னை இழுக்கத் தெரியுமா என்று நீங்களே ஒரு தடவை சோதியுங்கள். உரிமம் காலாவதியாவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: தாசில்தாரும் ஆட்சியரும்

தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம், 1965 என்று ஒன்று இருக்கிறது. கல்யாண மண்டபம், பள்ளி, லாட்ஜ் எல்லாம் அதற்குள் வரும். தாசில்தார் அலுவலகத்தில் தரும் இந்த உரிமத்தைத்தான் ‘டி ஃபார்ம்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதற்கு அங்கீகரிக்கப்பட்ட பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று முக்கியம். இதையும் தீயணைப்பு உரிமத்தையும் அருகருகே வைத்துத்தான் மற்ற அலுவலகங்கள் பார்க்கும்.

அடுத்தது சராய் சட்டம், 1867. வழிப்போக்கர் சத்திரங்களுக்காக வெள்ளைக்காரன் போட்டது. மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற முறையில் ஆட்சியரிடம் விடுதியைப் பதிவு செய்ய வேண்டும் என்பதன் வேர் இங்கேதான். ஆட்சியர் அலுவலகம் உங்கள் மனுவை வருவாய், காவல், தீயணைப்பு, சுகாதாரம் என்று அனுப்பி அறிக்கை கேட்கும். அறிக்கைகள் திரும்பி வர நாளாகும். பொறுமையாகப் பின்தொடர வேண்டும்.

இந்தச் சட்டத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள், சில பக்கங்கள்தான். விடுதி நடத்துபவர் நன்னடத்தைச் சான்று காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்கிறது. தொற்றுநோய் வந்தவர் தங்கியிருந்தால் உடனே பக்கத்துக் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். கிணறும் வடிகாலும் சுத்தமாக இருக்க வேண்டும். போதுமான காவலாட்கள் வேண்டும். கட்டணப் பட்டியலை எல்லோருக்கும் தெரியும்படி மாட்ட வேண்டும். திருடன் ஏறி இறங்க வசதியான மரக்கிளைகளை வெட்டிவிட வேண்டும் என்றுகூட ஒரு விதி இருக்கிறது. அபராதம் இருபது ரூபாய், தொடர்ந்து மீறினால் நாளுக்கு ஒரு ரூபாய். சிரிக்காதீர்கள். மூன்றாவது தடவை தண்டனை பெற்றால் விடுதி நடத்தவே தகுதி போய்விடும்.

‘சராய் சட்டப்படி யார் வேண்டுமானாலும் எந்த ஓட்டலிலும் இலவசமாகத் தண்ணீர் குடிக்கலாம், கழிப்பறை பயன்படுத்தலாம்’ என்று வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றும். சட்டத்தில் தண்ணீர் பற்றி இருப்பது, தங்குகிறவர்களும் அவர்களுடைய கால்நடைகளும் பயன்படுத்தும் நீர்நிலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான். கேட்டவருக்குத் தண்ணீர் கொடுங்கள். அதற்குச் சட்டம் தேவையில்லை.

கட்டணப் பட்டியல் விதியை மட்டும் லேசாக எடுக்காதீர்கள். பௌர்ணமி, கார்த்திகை தீப நாட்களில் வரும் புகார்களில் பாதி விலை பற்றியது. பண்டிகை நாள் கட்டணத்தையும் அந்தப் பட்டியலிலேயே போட்டுவிட்டால் பேச்சு குறையும்.

ஆறாம் படி: மாநகராட்சி, சுகாதாரம், மாசுக் கட்டுப்பாடு

தொழில் உரிமம் மாநகராட்சியில். சுகாதார அலுவலர் கழிவறை, தண்ணீர்த் தொட்டி, குப்பை எல்லாம் பார்த்துச் சான்று தருவார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு அறை எண்ணிக்கையையும் கழிவுநீர் அளவையும் பொறுத்தது. மத்திய வாரியத்தின் 2016 பட்டியலில் பாய்லர் இல்லாத, 20 அறை வரையுள்ள ஓட்டல்கள் பச்சை (மாசு குறைந்த) வகையில் இருந்தன, அதற்கு மேல் ஆரஞ்சு. விண்ணப்பிக்கும்போது நடப்புப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப், உறிஞ்சுகுழல் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. அறையில் டீ கொடுக்கும் கப்பையும் சேர்த்துத்தான்.

ஏழாம் படி: சமையலறை, ஜிஎஸ்டி, ஆட்கள்

இலவசமாக இட்லி கொடுத்தாலும் அது உணவு வியாபாரம்தான். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவோ உரிமமோ வேண்டும். விற்றுமுதல் எவ்வளவு என்பதைப் பொறுத்து எது என்று முடிவாகும்.

ஜிஎஸ்டியில் சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். 2022 ஜூலை வரை ஆயிரம் ரூபாய்க்குக் கீழான அறைக்கு வரி இல்லை. அந்தச் சலுகை போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம், உள்ளீட்டு வரிக் கழிவு (நீங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. அதற்கு மேல் 18 சதவீதம். கணக்கு வாங்கிய தொகையில்தான், போர்டில் எழுதிய விலையில் இல்லை. வருஷம் முழுக்க 2,000 ரூபாய்க்கு விடும் அறையைத் தீபத்தன்று 8,000 ரூபாய்க்கு விட்டால் அந்த ஒரு இரவுக்கு 18 சதவீதம். இதில் மறைந்திருக்கும் இன்னொரு கண்ணி: ஒரு நிதியாண்டில் ஏதாவது ஒரு அறை 7,500-ஐத் தாண்டிப் போயிருந்தால், அடுத்த ஆண்டு அந்த வளாகத்தில் உள்ள உணவகமும் 5 சதவீதத்திலிருந்து 18 சதவீத வகைக்குப் போய்விடும். ஒரு ராத்திரி ஆசைக்கு வருஷம் முழுக்க சாம்பார் இட்லிக்குக் கூடுதல் வரி. டிபன் செக்‌ஷன் வைத்திருப்பவர்கள் 7,499 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

வேலைக்காரர்கள் பத்துப் பேர் ஆனால் இஎஸ்ஐ, இருபது ஆனால் வருங்கால வைப்பு நிதி. பத்துப் பேர் இருந்தால் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழுவும் கட்டாயம். பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ள பையனைத் தண்ணீர் கேன் தூக்கக்கூட வைக்கக் கூடாது. ஓட்டல்களில் சிறார் வேலைக்கான தடை 2006 அக்டோபர் 10-இலிருந்தே இருக்கிறது. ‘அண்ணன் மகன், லீவுக்கு வந்திருக்கான்’ என்ற பதிலை எல்லா ஆய்வாளரும் கேட்டிருப்பார்கள்.

எட்டாம் படி: காவல் நிலையமும் வருகைப் பதிவேடும்

மேலே சொன்னவை எல்லாம் தொடங்குவதற்கு. தினம் தினம் உங்களைக் காப்பாற்றுவதும் மாட்டிவிடுவதும் ரிசப்ஷன் மேஜையில் கிடக்கும் அந்த நீள நோட்டு.

பெயர், வயது, முழு முகவரி, போன், எங்கிருந்து வருகிறார், எதற்கு, வண்டி எண், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. இதில் எல்லோரும் தவறும் இடம் ஒன்று உண்டு. குழுவில் ஒருவர் பெயரை எழுதிவிட்டு ‘உடன் 4 பேர்’ என்று முடித்துவிடுவார்கள். பௌர்ணமி ராத்திரி வாசலில் முப்பது பேர் நிற்கும்போது கை தானாக அப்படித்தான் எழுதும். ஆனால் காவல்துறை தேடி வருவது பெரும்பாலும் அந்த நாலு பேரில் ஒருவரைத்தான். தங்கும் பெரியவர்கள் ஒவ்வொருவருடைய பெயரும் அடையாள அட்டையும் வேண்டும். போன நேரம் காலியாக இருப்பது அடுத்த தவறு. சிசிடிவி பதிவு குறைந்தது ஒரு மாதம் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதார் நகல் விஷயத்தில் குழப்பம் இருக்கிறது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஓட்டல்கள் ஆதார் நகலை வாங்கி வைக்கக் கூடாது என்று அறிவித்தது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி அது திரும்பப் பெறப்பட்டது. பாதுகாப்பான வழி: கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை வாங்குங்கள். வாங்கிய நகல்கள் பஜ்ஜி மடிக்கும் காகிதமாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் ஆகாத ஜோடிக்கு அறை கொடுக்கலாமா? இந்தக் கேள்வி வராத லாட்ஜ் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு தங்கும் விடுதியை இதே காரணத்துக்காக, மது பாட்டில் கிடந்தது என்பதையும் சேர்த்து, 2019-இல் அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சீலை எடுக்கச் சொன்னது. மணமாகாத ஆணும் பெண்ணும் ஓட்டல் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்றும் சொன்னது. இருவரும் வயது வந்தவர்கள், இருவருடைய அடையாளமும் பதிவேட்டில் இருக்கிறது என்றால் உங்கள் பக்கம் சரி. வெளியே அனுப்புவது உங்கள் கொள்கையாக இருக்கலாம், அதைச் சட்டம் என்று சொல்லாதீர்கள்.

ஆனால் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் கதையே வேறு. உறவு உறுதியாகாமல் சாவி கொடுக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ போன் போடுங்கள். விபச்சாரத் தடுப்புச் சட்டம், 1956-இன் 7ஆம் பிரிவு கோவில், பள்ளி, மருத்துவமனையிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ள இடங்களைத் தனியாகக் குறிக்கிறது. கோவில் ஊரில் பாதி லாட்ஜ் அந்த வட்டத்துக்குள்தான். அதில் மாட்டினால் ஓட்டல் உரிமம் மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை நிறுத்தப்படலாம். சிறுவர் சம்பந்தப்பட்டிருந்தால் ரத்தே ஆகலாம்.

வெளிநாட்டவர் வந்தால்

ரமணாசிரமம் இருப்பதால் திருவண்ணாமலை லாட்ஜ்காரருக்கு இது தினசரி வேலை. வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தைக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் ஏற்ற வேண்டும். ‘படிவம் சி’ என்று எல்லோருக்கும் பழக்கமான பெயர். 2025 செப்டம்பர் 1 முதல் பழைய சட்டங்களுக்குப் பதிலாகக் குடிநுழைவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 வந்துவிட்டது. கடமை அப்படியே இருக்கிறது. திறப்பு விழாவுக்கு முன்பே விடுதியின் பெயரில் தளத்தில் கணக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை போன்ற மாவட்டங்களில் வெளிநாட்டவர் பதிவு அலுவலர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்தான்.

படிவத்தில் தவறும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். இந்தியா வந்த தேதி என்ற இடத்தில் விமான டிக்கெட்டில் உள்ள தேதியைப் போடுவார்கள். நள்ளிரவு தாண்டி இறங்கும் விமானங்களில் அது ஒரு நாள் முந்தியதாக இருக்கும். பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைத் தேதியைப் பாருங்கள். விசா எண்ணும் பாஸ்போர்ட் எண்ணும் இடம் மாறும். அமெரிக்கர் கையால் எழுதிக் கொடுத்தால் மாதம் முன்னால், தேதி பின்னால் இருக்கும், 03/07 என்றால் மார்ச் 7. விசா முடியும் நாளைக் கட்டாயம் பாருங்கள். முடிந்திருந்தால் அறை கொடுக்கும் முன் காவல் நிலையத்தைக் கேளுங்கள்.

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வீடு எடுத்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் இங்கே நிறைய. மாடியை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் ‘நான் லாட்ஜ் நடத்தலையே’ என்பார். தகவல் கொடுக்கும் கடமை அவருக்கும் உண்டு.

ஹோம்ஸ்டே என்றால் தப்பிக்கலாமா?

ஓரளவுக்கு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரை, அதிகபட்சம் பன்னிரண்டு படுக்கை. உரிமையாளர் குடும்பத்தோடு அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். மாநிலச் சுற்றுலாத் துறையிலும் பதிவு உண்டு. நீங்கள் சென்னையில் உட்கார்ந்துகொண்டு இங்கே ஒரு வாட்ச்மேனிடம் சாவி கொடுத்து வைத்தால் அது ஹோம்ஸ்டே ஆகாது, போர்டில் என்ன எழுதியிருந்தாலும். பதிவேடும் வெளிநாட்டவர் படிவமும் ஹோம்ஸ்டேக்கும் உண்டு.

நட்சத்திரத் தகுதி கட்டாயமில்லை. குறைந்தது பத்து அறை வேண்டும், விருப்பம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பார் நடத்தும் எண்ணம் உள்ளவர்களுக்கு எஃப்எல்-3 என்ற தனி உரிமம், அது நட்சத்திர ஓட்டல்களின் உலகம்.

ஓடிக்கொண்டிருக்கும் லாட்ஜை வாங்கும்போது

புதிதாகக் கட்டுவதைவிட இது சுலபம் என்று பலர் இறங்குகிறார்கள். சுவரில் பிரேம் போட்டு மாட்டிய லைசன்ஸ்களைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் யார் பெயர், எத்தனை அறை, எந்தத் தேதி வரை என்று படியுங்கள். 18 அறைக்கு வாங்கிய உரிமத்தில் 26 அறை ஓடுவது சகஜம். தொழில் உரிமம், உணவு உரிமம், ஜிஎஸ்டி எதுவும் சாவியோடு கை மாறாது. உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும் அல்லது பெயர் மாற்ற மனு செய்ய வேண்டும். வெளிநாட்டவர் பதிவுத் தளத்தின் கணக்கும் அப்படியே. பழைய ஆளின் கடவுச்சொல்லில் ஓட்டாதீர்கள், அவர் பெயரில் நீங்கள் தகவல் கொடுத்ததாக ஆகிவிடும். கிரயத்துக்கு முன் மின்வாரியத்திலும் மாநகராட்சியிலும் நிலுவை இல்லை என்று எழுதி வாங்குங்கள். கடைசி ஒரு வருடப் பதிவேட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் தங்கிய ஒருவரைப் பற்றி அடுத்த மாதம் காவல்துறை வந்து கேட்டால், அன்றைக்கு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான்.